நாலாவது மடை

எங்கள் வீட்டுக்கு வந்தால் அவர் முதலில் என் முகத்தைப் பார்க்க மாட்டார். ஒயரைப் பார்ப்பார். வாசல் நிலைக்கு மேலே துளை வழியாக உள்ளே வந்து, சுவரோரமாகவே போய், டிவி மேசைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியில் முடிகிற கறுப்பு ஒயர் அது. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அதைக் கண்ணாலேயே தடவி முடித்த பிறகுதான் என் பக்கம் திரும்புவார்.

"என்னம்மா, வேலை ஓடுதா?"

கேட்பது நலம் விசாரிப்பதுதான். கேட்கிற தொனி மட்டும் போலீஸ் ஸ்டேஷன்.

பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். லஸ்கர் என்றால் வாய்க்கால் தலைப்பில் இருந்துகொண்டு ஷட்டரைத் திறந்து மூடுகிறவர். எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று மேலேயிருந்து உத்தரவு வரும்; சாவி இவர் இடுப்பில் இருக்கும். மேட்டூரில் தண்ணீர் குறைந்து முறை வைத்து விடுகிற வருஷங்களில் யார் கரையைக் கிழிப்பான், யார் மடைக்கு அடியில் களவாகக் குழாய் புதைப்பான் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றவர். அப்படி முப்பது வருஷம் நின்றதில் அவர் பார்வையே ஓரப்பார்வை ஆகிவிட்டது. ஊரில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் லஸ்கர்தான். என் மாமனார் 'லஸ்கரய்யா' என்பார். எனக்கு அந்த 'ஐயா' வாயில் வராது. 'சார்' என்பேன். இரண்டு பேருக்கும் ஒரே தலையாட்டல்தான் பதில்.

எங்கள் வீடு லஸ்கர் இருந்த தெருவின் கடைசி வீடு. என் மாமனார் அந்தத் தெருக்காரர்களின் வயலில் நாற்றுப் பறித்தே வளர்ந்தவர். என் கணவர் சிங்கப்பூரில் எட்டு வருஷம் வெல்டிங் வேலை பார்த்துவிட்டு வந்து, வாய்க்காலுக்கு அக்கரையில் இருந்த எங்கள் பழைய தெருவை விட்டு இக்கரையில் மனை வாங்கிக் கட்டிய வீடு அது. ஆறு மா நிலமும் எங்கள் பேருக்குப் பட்டா ஆகிவிட்டது. ஆனாலும் தெருவில் ஒரு மண்வெட்டி காணாமல் போனால் முதலில் எங்கள் வாசலில்தான் ஆள் நிற்கும். "சும்மா கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்பார்கள். மற்ற வீடுகளில் ஏன் சும்மா கேட்கவில்லை என்று நாங்கள் கேட்டதில்லை.

குடவாசல் கேபிள்காரர் எங்கள் ஊருக்கு இன்டர்நெட் ஒயர் இழுத்தபோது மெயின் ரோட்டோடு நின்றுவிட்டார். எங்கள் தெரு உள்ளே, வயலுக்கு நடுவில். "நாலு வீட்டுக்கு நாலு ஒயர் இழுக்க முடியாதுங்க. ஒரு கனெக்ஷன் தரேன், உங்களுக்குள்ள பிரிச்சிக்குங்க" என்றார். பிரிக்கிற வேலை என்றதும் லஸ்கருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. தலைப்பெட்டி அவர் வீட்டுக் கூடத்தில் ஏறியது. அங்கிருந்து அடுத்த வீட்டு முருகேசனுக்கு ஒரு ஒயர். அவர் அறுவடை மிஷின் வைத்திருப்பவர். அதற்கடுத்து தையல்காரி செல்விக்கு ஒன்று. அவள் கணவன் குவைத்தில். கடைசியாக எங்களுக்கு ஒன்று. வாய்க்கால் கணக்கில் அவர் வீடு தலைமடை, நாங்கள் கடைமடை. அக்கரைத் தெருவை யாரும் கேட்கவில்லை.

முதல் நாளே நாலு வீட்டு ஆட்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து முறை சொன்னார்.

"வெளிநாட்டுலேர்ந்து வர்ற போனு குடிதண்ணி. அதுக்கு எந்நேரமும் வழி விடணும். கடைசி வீட்டு இந்தம்மா பாக்குற கம்ப்யூட்டரு வேலையும் புள்ளைங்க படிப்பும் நாத்தங்காலு. பகல் பூரா அதுக்குத்தான். சீரியலு, சினிமாவெல்லாம் ஆறு மணிக்கு மேல. தெருவுக்கு வெளியில ஒரு ஆளுக்குப் பாஸ்வேர்டு போச்சுன்னு தெரிஞ்சுதோ, அந்த வீட்டு மடையை அடைச்சிருவேன். யாரா இருந்தாலும் சரி."

மடையை அடைப்பது என்றால் அந்த வீட்டுக்குப் போகிற ஒயரைப் பெட்டியிலிருந்து உருவிவிடுவது. முருகேசன் சிரித்தார். லஸ்கர் சிரிக்கவில்லை.

கேபிள்காரரின் ஆள் அவர் போனில் ஏதோ ஒன்றை ஏற்றிக் கொடுத்திருந்தான். பெட்டியில் இந்த நேரத்தில் எத்தனை போன், எத்தனை டிவி தண்ணீர் குடிக்கின்றன என்று அது காட்டும். நாலு வீட்டுக்கும் சேர்த்துப் பதினாலு. அந்தப் பதினாலு அவருக்கு மந்திரம் ஆகிவிட்டது. காலைக் காபிக்கு முன்னால் எண்ணுவார். பொங்கலுக்கு ஓசூரிலிருந்து வந்த சொந்த மகன் பை இறக்குவதற்குள், "பதினஞ்சு காட்டுதுடா, போனைக் குடு" என்று கையை நீட்டினாராம். அவர் வீட்டு அம்மா என்னிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

"எங்க கல்யாணத்துல மாலை மாத்துனப்பவே, நான் போட்ட மாலையில பூ குறையுதான்னு குனிஞ்சு பாத்தவரும்மா இவரு."

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு வேப்பங்குச்சியோடு கிளம்புவார். தன் வீட்டுக் கூரையிலிருந்து தொடங்கி, ஒயர் போகிற வழியே தென்னை தென்னையாக நிமிர்ந்து பார்த்துக்கொண்டு எங்கள் வீடுவரை நடப்பார். ஒருமுறை முருகேசன் வீட்டுப் பக்கம் ஒயர் பாதி அறுந்திருந்தது. மூன்று நாள் முருகேசனிடம் பேசவில்லை. நாலாம் நாள் ஒரு அணில் அதே இடத்தில் உட்கார்ந்து பல்லைத் தீட்டுவதை அவரே பார்த்தார். முருகேசனிடம் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தோம். அவரோ அணிலை விரட்டிவிட்டு, "இதை யாரு இங்க பழக்கினது?" என்று கேட்டார்.

எல்லோருக்கும் அவர் மேல் எரிச்சல். எனக்கும் எரிச்சல்தான். ஆனால் எனக்கு மட்டும் அவரைப் பிடித்தும் இருந்தது. காரணம் சொல்கிறேன். வேகம் குறைந்தால் அவர் சோதனைக்குக் கிளம்புவார். சோதனை எப்போதும் முதல் வீட்டிலிருந்துதான் தொடங்கும். முதலில் தன் மனைவியின் போனை வாங்கிப் பார்ப்பார். பிறகு முருகேசன். பிறகு செல்வி. கடைசியாகத்தான் நாங்கள். ஒருநாளும் அந்த வரிசை மாறியதில்லை. ஒருமுறை முருகேசன் பொறுமையில்லாமல், "நேரா கடைசி வீட்டுக்குப் போய்ப் பாருங்களேன்" என்றார். நான் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏன், தண்ணி கடைசிலேர்ந்தா வருது?" என்றார் லஸ்கர்.

எங்களை யாரும் சந்தேகப்படாமல் இருக்க வேண்டும் என்ற பேராசையெல்லாம் எனக்கு இல்லை. எல்லோரையும் சந்தேகப்பட்டுவிட்டு, எங்கள் முறை வரும்போது எங்களையும் சந்தேகப்பட்ட ஒரே ஆள் அவர். அது எனக்குப் பெரிய மரியாதையாகத் தெரிந்தது.

அந்தச் சித்திரையில் முருகேசன் வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர், லஸ்கரிடம் பேச வந்த இடத்தில், பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் போனைச் சார்ஜில் போட்டுவிட்டார். அரைமணி நேரம் நாலு வீட்டிலும் நெட் நின்றது. மறுநாள் லஸ்கர் தன் பணிப் பதிவேடெல்லாம் வைத்திருந்த தகரப் பெட்டியைக் காலி பண்ணினார். சுவரில் அடித்தார். ஒயர் போக ஒரு துளை போட்டு, தலைப்பெட்டியை உள்ளே வைத்து, பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தகரத்துக்குள் போனதும் அவர் வீட்டிலேயே சிக்னல் செத்துவிட்டது. அவர் வீட்டு அம்மா பெட்டிக்கு நேர் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்து பேத்தியிடம் பேசுவார். லஸ்கருக்கு அதில் வருத்தமே இல்லை. "பூட்டு இல்லாத ஷட்டரு உண்டா?" என்றார்.

ஒரு வாரத்தில் ஆரம்பித்தது வினை. மத்தியானம் ஒரு மணியானால் இணைப்பு அறுந்துவிடும். கால் மணி கழித்துத் தானாக வரும். மறுபடி போகும்.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் சிகிச்சைக் குறிப்புகளைப் படித்து, நோய்க்கும் வைத்தியத்துக்கும் உரிய குறியீட்டு எண்களைப் போடுகிற வேலை. திருச்சியில் ஆபீஸ், நான் வீட்டிலிருந்தே பார்த்தேன். பத்து நிமிஷத்துக்கு மேல் தொடர்பு போனால் என் பெயருக்கு நேரே சிவப்பு விழும். அந்த வாரம் மட்டும் நாலு சிவப்பு. டீம் லீடர் கூப்பிட்டார். "இன்னும் ஒரு வாரம் பாக்குறேன் மேடம். சரியாகலன்னா ஆபீசுக்கே வந்துருங்க. இல்லன்னா வேற ஆளைப் போடுவாங்க." ஆபீசுக்குப் போவதென்றால் திருச்சிக்குக் குடிபோக வேண்டும். என் கணவர் வயலை விட்டு வர மாட்டார். ஆறாவது படிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு நான் மட்டும் எங்கே போவது?

அதைவிடப் பெரிய பயம் வேறொன்று இருந்தது. பாஸ்வேர்டை வெளியே கொடுத்தவள் நான்.

அக்கரைத் தெருவில் என் கணவரின் அக்கா இருக்கிறார். நான் அண்ணி என்பேன். அவர் மகளுக்கு நர்சிங் கல்லூரிச் சேர்க்கை அப்போது ஆன்லைனில் நடந்துகொண்டிருந்தது. சான்றிதழ் ஏற்ற வேண்டும். கல்லூரி வரிசை போட வேண்டும். அந்தத் தெருவில் போன் சிக்னல் ஒரு கோடு ஏறும், இறங்கும். எங்கள் வீட்டு சிக்னல் வாய்க்காலைத் தாண்டி அண்ணி வீட்டுக் கொல்லைவரை போகும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அண்ணி வந்து கேட்கவில்லை. அவர் மகள் எங்கள் கொல்லையில் நின்று போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். நானே கூப்பிட்டு அவள் போனில் போட்டுக் கொடுத்தேன். போட்டது தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. ஒளித்ததுதான் தப்பு. தெருவுக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். 'கடைசி வீட்டுக்குக் குடுத்தா இப்படித்தான், அக்கரைக்குத் திருப்பிவிட்டுட்டாங்க.' அந்த ஒரு பேச்சுக்குப் பயந்தேன்.

லஸ்கரின் போனில் பதினைந்து வந்துவிட்டது. பேர் தெரியாத ஒரு போன். மத்தியானம் அறுந்து போகிறது, பதினைந்தாவது ஆள் குடிக்கிறான். அவருக்கு இரண்டும் ஒரே திருட்டு. எனக்கும் அப்படித்தான் பட்டது. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவள் நான். ஒரு சின்னப் பெண்ணின் போன் இழுப்பதால் நாலு வீடும் நின்றுவிடாது என்று எனக்குத் தெரியாதா? மடியில் கனம் இருந்த அன்றைக்கு மூளை வேலை செய்யவில்லை.

லஸ்கர் எல்லோரையும் கூப்பிட்டார்.

"யாருன்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா யாரும் சொல்லவும் மாட்டீங்க. நாளைக்கு ஒரு மடையா அடைக்கிறேன். எதை அடைச்சா தண்ணி கசியாம நிக்குதோ, அங்கதான் ஓட்டை."

வாய்க்காலில் கசிவு பிடிக்கிற வழி அது. முதல் நாள் தன் வீட்டை அடைத்தார். அவர் வீட்டு அம்மா சீரியலும் இல்லாமல் பேத்தியும் இல்லாமல் அவரைத் திட்டித் தீர்த்தார். ஒரு மணிக்கு அறுந்தது. பதினைந்தாவது போனும் இருந்தது. இரண்டாம் நாள் முருகேசன் வீடு. அன்றும் அறுந்தது. மூன்றாம் நாள் செல்வி, நாலாம் நாள் நாங்கள் என்று ஏற்பாடு.

எனக்கு இரண்டாம் நாளே தூக்கம் போய்விட்டது. மூன்றாம் நாள் காலையில் வாய்க்காலை இறங்கி ஏறினேன். சித்திரையில் தண்ணீர் ஏது, மணல்தான்.

"அண்ணி, புள்ளை போன்லேர்ந்து நம்ம வீட்டு நெட்டை எடுத்துரச் சொல்லுங்க. மிச்சத்தைக் குடவாசல்ல சென்டர்ல போயி போட்டுக்கலாம்."

அண்ணி என்னைப் பார்த்தார். "அவங்க கண்டுபிடிச்சிட்டாங்களா?"

"இல்ல அண்ணி."

"அப்பறம் என்னத்துக்குப் பயப்படுற?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய் மகளைக் கூப்பிட்டார்.

வீடு திரும்புவதற்குள் வானம் கறுத்தது. பத்து மணிக்குக் கோடை மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணிவரை விடவில்லை. ஒரு மணிக்கு நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இணைப்பு அறுந்துபோகவில்லை. ஒரு நொடிகூட. நன்றாகவே வேலை ஓடியது.

செல்வி வீட்டை அடைத்த நாளில் தண்ணீர் கசியாமல் நின்றது. பேர் தெரியாத போனும் பட்டியலில் இல்லை. லஸ்கருக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம். சாயங்காலம் மழை விட்ட தெருவில் செல்வி வீட்டு வாசலில் போய் நின்றார்.

"தைக்க வர்றவங்க யாருக்கோ நீ குடுத்திருக்கம்மா."

"சத்தியமா இல்ல மாமா. யாருக்கும் குடுக்கல. எம் பொண்ணு மேல சத்தியம்."

"புள்ளையை எதுக்கு இழுக்குற? தண்ணி சொல்லிருச்சே."

முருகேசன், "அந்த வீட்டுக்குத்தான் ஒரு நாளைக்கு நாலு பேரு வந்து போறாங்க" என்றார். நான் எங்கள் வாசற்படியில் நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. நாலாவது நாள் எங்கள் மடையை அவர் அடைக்கவே இல்லை. தேவைப்படவில்லை.

ஆறு நாள் செல்விக்கு இணைப்பு இல்லை. குவைத்தில் இருக்கிறவன் தினமும் இரண்டு மணிக்கு, சாப்பாட்டு நேரத்தில், வீடியோவில் கூப்பிட்டு மகளைப் பார்ப்பான். அந்த ஆறு நாளும் சாதா போனில் குரல் மட்டும் விட்டு விட்டு வந்தது. அவள் எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டிருந்தால் போட்டுக் கொடுத்திருப்பேன், அவள் கேட்கவில்லை. ஒருநாள் கொல்லைப்பக்கம் துணி காயப்போடும்போது மட்டும் சொன்னாள்.

"நான் யாருக்கும் குடுக்கலக்கா."

"எனக்குத் தெரியும் செல்வி."

துணியை உதறிய கை நின்றது. "எப்படிக்கா தெரியும்?"

"உன் மூஞ்சியப் பாத்தா தெரியாதா?" என்றேன். அப்படி ஒரு பொய்யை அவ்வளவு சுலபமாகச் சொல்ல எனக்கு வரும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

ஆறு நாளும் மூடியிருந்த வானம் விலகி, ஏழாம் நாள் வெயில் மறுபடி ஏறியது. ஒரு மணிக்கு இணைப்பு அறுந்தது. செல்வி வீட்டு ஒயர் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பதினைந்தாவது போனும் இல்லை. ஆனாலும் அறுந்தது. லஸ்கர் வேப்பங்குச்சியோடு ஒயர் வழியே இரண்டு தடவை போய் வந்தார். பிறகு குடவாசலுக்குப் போன் பண்ணினார். கேபிள்காரரின் ஆள் வந்தான். தகரப் பெட்டியைப் பார்த்ததும் சிரித்தான். "சாவியைக் குடுங்க சார்" என்று வாங்கித் திறந்து, கை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டான்.

"ஐயோ! தோசை சுடலாம் போலிருக்கே. இதைத் தகரத்துக்குள்ள போட்டுப் பூட்டுவாங்களா? வெயில் ஏறினா கொதிச்சு அணைஞ்சிரும். ஆறினா வரும். இவ்வளவுதாங்க."

மழை பெய்த நாளில் ஏன் அறுந்துபோகவில்லை என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. லஸ்கர் அந்தத் திறந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. பிறகு செல்வி வீட்டு ஒயரைத் தன் கையாலேயே செருகினார். நடு வெயிலில், செருப்புக்கூடப் போடாமல், அவள் வாசலுக்குப் போனார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

"தப்பு என் ஷட்டருலம்மா. உம் மேல இல்ல. முப்பது வருசத்துல இப்படிப் பண்ணதில்ல. மன்னிச்சுக்க."

உள்ளே போன் அடித்தது. இரண்டு மணி. செல்வி ஓடினாள்.

"அப்ப அந்தப் பதினஞ்சாவது போனு?" என்று கேட்டார் முருகேசன்.

லஸ்கர் கையை வீசினார். "சூட்டுல பெட்டி தப்பா எண்ணியிருக்கும். விடு."

யாரையும் எதையும் விடாத மனிதர் விட்டுவிட்டார். நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். தப்பிக்கவில்லை.

மறுநாள் கேபிள்காரரின் ஆளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தலைப்பெட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். "எனக்கு இனிமே இது ஆகாது. கம்ப்யூட்டர் தெரிஞ்ச பொண்ணு நீதான். உங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்றார். என் மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. தெருவுக்கே பிரிக்கிற பெட்டி கடைசி வீட்டில். அவர் ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். லஸ்கர் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மூணு மடையை அடைச்சேன். உங்களுதை அடைக்கலம்மா. அதுவும் நல்லதுக்குத்தான். உங்க வீட்டைச் சந்தேகப்பட்ட பாவம் எனக்கு இல்லாமப் போச்சு."

அதன் பிறகு அவர் தினமும் ஐந்து மணிக்கு வருவார். வேப்பங்குச்சி இல்லை. வந்தால் நேராக என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார். டீ குடிப்பார். ஓசூர் மகனைப் பற்றிப் பேசுவார். ஒயர் பக்கம் கண் போகவே போகாது. என் வேலை தப்பியது, சிவப்பு நின்றது, தெருவில் எங்கள் வீட்டுக்கு ஒரு மதிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னை மட்டும் வரிசையிலிருந்து எடுத்துத் தனியாக உட்காரவைத்த மாதிரி இருந்தது. மண்வெட்டிக்காக வாசலில் வந்து நின்றவர்களும் எங்களைத் தனியாகத்தான் வைத்தார்கள். இவர் அன்பால் வைத்தார். நெஞ்சுக்குள் முள்ளாகக் குத்தியது.

ஆடி பிறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்த ஒரு சாயங்காலம், டீ டம்ளரைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே சொன்னேன்.

"சார், அந்தப் பதினஞ்சாவது போனு உண்மைதான். எங்க அண்ணி பொண்ணுது. நான்தான் போட்டுக் குடுத்தேன்."

உள்ளே மாமனாரின் இருமல் நின்றது. லஸ்கர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எத்தனை நாளு?"

"பதினோரு நாளு சார்."

"எப்ப நிறுத்துன?"

"செல்வி வீட்டை அடைச்ச அன்னைக்குக் காலைல."

"அவளை நிக்கவச்சுக் கேட்டப்ப நீ அங்கதான நின்ன?"

"ஆமா சார்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். தூக்கட்டும் என்றுகூட இருந்தது. அவர் எழுந்தார்.

"முதல்ல செல்விகிட்டப் போயி சொல்லு. என்னைக் கூட்டிக்கிட்டுப் போகாத. தனியாப் போ." வாசல்வரை போய்த் திரும்பினார். "மூணு மடைதான் அடைச்சிருக்கேன். ஒண்ணு பாக்கி நிக்குது. நாளைக்குக் காலைல ஆறுலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் உங்க வீடு அடைப்பு."

"பெட்டி இங்கதானே சார் இருக்கு?"

"இங்கயே இருக்கட்டும். மத்த மூணு வீட்டுக்கும் ஓடட்டும். நீதான் அடைக்கணும்."

செல்வியிடம் போனேன். வெட்டிக்கொண்டிருந்த துணியைக் கடைசிவரை வெட்டி முடித்தாள். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா ஆறு நாளு எம் பொண்ணு அவ அப்பா மூஞ்சியைப் பாத்திருக்கும்கா" என்றாள். அழுதது நான்தான். அவள் அழவில்லை. இன்றைக்கும் அவள்தான் எனக்கு ரவிக்கை தைக்கிறாள். பழைய அளவு அவள் நோட்டில் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் டேப்பை எடுத்துப் புதிதாக அளக்கிறாள்.

லஸ்கர் இப்போது ஓசூரில் மகனோடு இருக்கிறார். அடுக்குமாடி வீடாம். அங்கே யாரை எண்ணிக்கொண்டிருக்கிறாரோ. நான் அவரை நினைக்கும்போதெல்லாம் அந்த மறுநாள்தான் முன்னால் வருகிறது. ஆபீசில் லீவு சொன்னேன். இரண்டு போன், ஒரு லேப்டாப், ஒரு டிவி, நாலையும் அணைத்து மேசையில் வரிசையாக வைத்தேன். பையன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வாய்க்காலுக்குக் குளிக்கப் போனான். பெட்டி எங்கள் கூடத்தில் பச்சையாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. மற்ற மூன்று வீட்டுக்கும் அது வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் யாரும் தொடவில்லை.

ஆறு மணிக்கு வந்தார். கையில் வேப்பங்குச்சி. படியேறும்போதே போனை எடுத்து எண்ணினார்.

"பத்து" என்றார். பதினாலில் நாலு போனால் பத்து.

நான் வாசலில் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நிலைக்கு மேலே துளையைப் பார்த்தார். அங்கிருந்து சுவரோரமாக, மெதுவாக, பெட்டிவரைக்கும் ஒயரைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பி அதே வழியில் இன்னொரு தடவை பார்த்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"என்னம்மா, வேலை ஓடுதா?" என்றார்.